தீயணைத்த தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும்?

துணைமின் நிலையத்துக்குப் பின்னால் கிடக்கும் தரிசில் சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனால், டீக்கடையில் முதலில் கிளம்பும் பேச்சு ‘கம்பெனி வருதாம்’ என்பதுதான். என்ன கம்பெனி, எத்தனை ஏக்கர், எத்தனை வருஷம் என்பதெல்லாம் பிறகு துண்டு துண்டாக வந்து சேரும். காற்றாலையும் சோலாரும் உயர் மின்கோபுரமும் பல ஊர்களுக்குள் இப்படித்தான் நுழைந்தன. இப்போது அந்த வரிசையில் பேட்டரி நிலையங்கள். துணைமின் நிலையங்களை ஒட்டிப் பெரிய அளவில் இவற்றை அமைக்கத் தமிழ்நாட்டிலும் டெண்டர்கள் விடப்பட்டுவிட்டன.

‘ஒண்ணும் ஆகாதுண்ணே, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரிதான், கொஞ்சம் பெருசு’ என்ற ஒரு வரி விளக்கத்தோடு இந்த முறையும் காரியத்தை முடித்துவிடக் கூடாது. இப்போது சந்தைக்கு வரும் 20 அடி கன்டெய்னர் ஒன்றில் சுமார் 5,000 யூனிட் மின்சாரத்தை அடைத்துவைக்க முடியும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அப்படி 50 வீடுகளின் இலவச மின்சாரம் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது. நிலையம் என்று வந்தால் அப்படிப்பட்ட பெட்டிகள் பல டஜன் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வாழப்போகிறவர்களிடம் முதலில் பேசுவதுதான் முறை.

தேவை உண்மைதான்

ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் ஆனி, ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றும்போது, அந்த மின்சாரத்தை முழுவதும் எடுத்துக்கொள்ள முடியாமல் போகும் நேரங்கள் உண்டு. சோலார் மதியத்தில் கொட்டும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் ஓடும் நேரத்தில் கைவிரித்துவிடும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மதியம் மிஞ்சுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ள வழி வேண்டும். டெல்லி கிலோக்கரியில் 20 மெகாவாட் நிலையம் ஒன்று 2025-ல் இயங்கத் தொடங்கிவிட்டது. நிலக்கரிப் புகையைக் குறைக்க நினைக்கும் யாரும் பேட்டரியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால், திட்டத்தை ஊருக்குள் கொண்டுவருகிறவர்கள் இந்தப் பெருமைகளை மட்டுமே பேசுகிறார்கள். ‘எரிந்தால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தருவதில்லை. அந்தப் பதில் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் போதுமான சாட்சியங்கள் இருக்கின்றன.

கதவைத் திறந்த நேரம்

2019 ஏப்ரல் 19. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சர்ப்ரைஸ் என்ற ஊர். அங்கே இருந்தது வெறும் 2 மெகாவாட் நிலையம். மாலை 5 மணி வாக்கில் உள்ளே ஒரு செல் பழுதாகிச் சூடேறியது. அந்தச் சூடு பக்கத்து செல்லுக்குத் தாவியது, அங்கிருந்து அடுத்ததற்கு. தானியங்கித் தீயணைப்பு அமைப்பு தன் வாயுவைப் பீய்ச்சி முடித்தும் சூடு நிற்கவில்லை. வந்து சேர்ந்த தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து கண்ட காட்சி, தரையோடு தவழ்ந்த வெண்புகை மட்டும்தான். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அவர்கள் அவசரப்படவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்தார்கள், வாயுவின் அளவைக் கருவி வைத்துப் பார்த்தார்கள், புகை தணிந்தது. இரவு 8 மணி வாக்கில் கதவைத் திறந்தார்கள். சில நிமிடங்களில், உள்ளே தேங்கிக் கிடந்த எரிவாயு வெடித்தது. வீரர்கள் தூக்கி வீசப்பட்டார்கள். நான்கு பேருக்குப் படுகாயம்.

பயிற்சி பெற்றவர்கள், முழுக் கவசம் அணிந்தவர்கள், கருவி வைத்திருந்தவர்கள். அவர்களுக்கே இந்த நிலைமை. பின்னர் வந்த ஆய்வறிக்கை முக்கியமான ஒரு குறையைச் சுட்டிக்காட்டியது: அந்த நிலையத்தின் அவசரகாலத் திட்டத்தில், எப்படி அணைப்பது, வாயுவை எப்படி வெளியேற்றுவது, எப்போது உள்ளே நுழையலாம் என்ற வழிமுறையே இல்லை. இரண்டு வருடம் கழித்து, 2021 ஏப்ரல் 16 அன்று பெய்ஜிங்கில் நடந்த பேட்டரி நிலைய வெடிப்பில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

இதைப் படிக்கும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலிப்பட்டி ஞாபகம் வரும். 2012 செப்டம்பர் 5 அன்று அங்கே பட்டாசு ஆலை வெடித்ததில் சுமார் 40 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். புகையைப் பார்த்துவிட்டு, உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்றலாம் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். நம் ஊர்களில் எங்கே புகை கிளம்பினாலும் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் போய் நிற்பது ஊர் ஜனம்தான். குடத்தோடு ஓடுவார்கள், பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் போட்டு ஹோஸை இழுப்பார்கள், கதவை உடைக்கப் பார்ப்பார்கள். அந்த நல்ல குணமே உயிருக்கு உலை வைக்கக்கூடிய இடம் இது. ‘புகை வந்தால் கிட்டே போகாதீர்கள், இத்தனை மீட்டர் தள்ளி நில்லுங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்த் திசையில் விலகுங்கள்’ என்று சொல்லித்தர வேண்டியது திட்டத்தைக் கொண்டுவருகிறவர்களின் முதல் கடமை. பெட்டியை இறக்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும் சமாசாரம் அல்ல இது.

தண்ணீர் எங்கே போகும்?

எனக்கு இதைவிடவும் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. தண்ணீர்.

லித்தியம் பேட்டரித் தீயை நினைத்த மாத்திரத்தில் அணைத்துவிட முடியாது. 2021 ஜூலை 30 அன்று ஆஸ்திரேலியாவில், ஜிலாங் நகரை ஒட்டிய மூரபூலில், சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு பிரமாண்ட நிலையத்தில் தீப்பிடித்தது. எரிந்தவை இரண்டே பெட்டிகள். அடங்குவதற்கு ஏறக்குறைய நான்கு நாள் ஆனது. தீயணைப்புப் படை எரிவதை எரியவிட்டு, பக்கத்துப் பெட்டிகளுக்குத் தாவாமல் தண்ணீர் அடித்துக் குளிரவைத்தது. அதுதான் சரியான முறை என்று இன்றும் சொல்கிறார்கள். அப்படியானால், மணிக்கணக்கில், நாள்கணக்கில் தண்ணீர் வேண்டும். தாலுகா தலைமையிடத்திலிருந்து கிளம்பும் தீயணைப்பு வண்டி சுமந்துவருவது சில ஆயிரம் லிட்டர். மிச்சத்துக்கு? பக்கத்துக் கிணறும் கண்மாயும்தான்.

அடித்த தண்ணீர் அப்படியே ஆவியாகிவிடாது. எரியும் பேட்டரி வெளியிடும் வாயுக்களில் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் ஒன்று. அது தண்ணீரில் கரைந்தால் அமிலம். கூடவே உலோகத் துகள்கள். 2025 ஜனவரி 16 அன்று கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில், பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் அமைத்திருந்த 300 மெகாவாட் நிலையம் எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள், நெடுஞ்சாலையை மூடினார்கள். ஒரு மாதம் கழித்து அதே இடிபாட்டில் மறுபடி தீ கிளம்பியது. காற்றில் நச்சு வாயு அபாய அளவைத் தாண்டவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆனால், பக்கத்திலேயே இருக்கும் எல்க்ஹார்ன் ஸ்லூ சதுப்பு நிலத்தின் மண்ணை எடுத்துப் பார்த்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் முன்பைவிடப் பல மடங்கு கூடியிருந்ததைக் கண்டார்கள். அவர்களிடம் தீக்கு முன்பு எடுத்த மண் அளவீடுகள் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. நம் ஊரில் அப்படி எது இருக்கிறது?

இதை அப்படியே விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் வைத்துப் பாருங்கள். இங்கே எந்தக் கண்மாயும் தனிக் கண்மாய் கிடையாது. மேலூர்க் கண்மாய் பெருகிக் கலுங்கு பாய்ந்தால், அதுதான் கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. ஒன்றின் மிச்சம் அடுத்ததன் முதல். வருவாய்ப் பதிவேட்டில் ‘தரிசு’ என்று எழுதியிருக்கும் நிலம், மழைக்காலத்தில் ஓடையும் வரத்துக்காலும் பிறக்கும் இடம். ஆடு, மாடு மேய்வதும் அங்கேதான். விவசாயம் இல்லாத காலி இடம் என்று திட்டக்காரர்கள் முதலில் கைகாட்டுவதும் அதையேதான். அங்கே ஒரு பெட்டி எரிந்து, அதன்மேல் அடித்த தண்ணீர் வரத்துக்காலில் இறங்கினால், அது ஒரு ஊரோடு நிற்காது. மடையில் வயலுக்கும், கலுங்கில் அடுத்த ஊருக்கும் போய்ச் சேரும். வழியில் ஊருணி இருந்தால் குடத்துக்கும் வரும். கரையோரக் கிணற்றில் ஊறும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. நிலையத்தைச் சுற்றிக் கான்கிரீட் வரப்பு கட்டலாம். தண்ணீர் மண்ணில் இறங்காதபடி தளம் போட்ட தொட்டியில் வழிநீரைத் தேக்கலாம். வெளியே போகும் வடிகாலில் மூடி வைக்கலாம். தேங்கியதைச் சோதித்த பிறகே அகற்றலாம். எல்லாம் செய்யக்கூடியவை, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. 2022-ல் நடந்த ஒரு டெண்டரில் பேட்டரி சேமிப்புக்கு ஒரு மெகாவாட்டுக்கு மாதம் சுமார் 10.8 லட்சம் ரூபாய் விலை வந்தது. 2025-ல் இரண்டரை லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. பேட்டரி விலை சரிந்தது முக்கியக் காரணம். நுகர்வோருக்கு அது நல்ல சேதியும்கூட. ஆனால், ரூபாய் ரூபாயாகக் குறைத்துக் குறைத்து ஏலம் எடுத்தவர்கள், எதிலே மிச்சம் பிடிப்பார்கள்? பெட்டிகளுக்கு இடையே விடும் இடைவெளியிலா, வாயு வெளியேற்றும் அமைப்பிலா, வழிநீர்த் தொட்டியிலா? டெண்டர் நிபந்தனையில் எழுதாத எதையும் யாரும் கட்டித்தர மாட்டார்கள்.

கேட்கச் சொல்லும் சட்டமும் இல்லை

அனல்மின் நிலையம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் பேட்டரி நிலையம் இடம்பெறவில்லை. ஆகவே ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வழியில் இல்லை. கலிஃபோர்னியாவின் மோரோ பே ஊரில், பழைய மின் நிலைய வளாகத்தில் 600 மெகாவாட் பேட்டரி நிலையம் வருவதாக இருந்தது. 2024 நவம்பரில் அந்த ஊர் மக்கள் வாக்குப் போட்டு, தங்களைக் கேட்காமல் அந்த நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று தீர்மானித்தார்கள். அங்கேயும் உள்ளூரைத் தாண்டி மாநில அளவில் நேராக அனுமதி கேட்க 2022-ல் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊரைக் கேட்பது தாமதம், ஊரைத் தவிர்ப்பது வேகம் என்று நினைக்கும் புத்தி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மேற்கு மாவட்டங்களில் உயர் மின்கோபுரங்களுக்கு எதிராக விவசாயிகள் வயலில் இறங்கி நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த வேகம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்.

பொறியாளர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. இப்போது வருபவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள், அவ்வளவு எளிதில் பற்றாது. கட்டடத்துக்குள் அடைக்காமல் திறந்தவெளியில் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். 2018-க்குப் பிறகு நிறுவிய அளவோடு ஒப்பிட்டால் விபத்து விகிதம் 90 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்கிறார்கள். அத்தனையும் சரி. ஆனால், அதே பேட்டரி சூடேறி வாயு கக்கினால் அதில் ஹைட்ரஜன் கணிசமாக இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது வெடிக்கக்கூடும். விபத்து அவ்வளவு அரிது என்றால், அதற்கான பொறுப்பை ஏற்பதும் கஷ்டமாக இருக்கப்போவதில்லை. அப்புறம் எழுதித் தருவதில் என்ன தயக்கம்?

கிராம சபையில் கேளுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்கள் இவை. உங்கள் ஊர்த் துணைமின் நிலையத்தை ஒட்டி அளவு எடுக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். வேலைவாய்ப்பு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் இதையெல்லாம் கேளுங்கள்: கடைசி வீட்டுக்கும் முதல் பெட்டிக்கும் எத்தனை மீட்டர்? எரிந்தால் எந்தத் தீயணைப்பு நிலையத்திலிருந்து வருவார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்றா? அத்தனை தண்ணீருக்கு நிலையத்துக்குள்ளேயே தொட்டி உண்டா? அடித்த தண்ணீர் எந்த ஓடையில் இறங்கும், அதைத் தடுக்க என்ன கட்டப்போகிறீர்கள்? மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் இப்போதே சோதித்து, அந்த அளவை ஊருக்குக் கொடுப்பீர்களா? ஆயுள் முடிந்த பேட்டரிகளை 2022-ம் ஆண்டுக் கழிவு விதிகளின்படி யார் எடுத்துப் போவார்கள்?

பதிலைத் தமிழில், எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். வாங்கியதைத் தீர்மான நோட்டில் ஏற்றி, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலூரும் கீழூரும் ஒரே கண்மாய் வரிசையில் இருந்தால், இரண்டு ஊரும் சேர்ந்தே தீர்மானம் போடுங்கள். இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லி, அதை டெண்டர் நிபந்தனையிலும் எழுதும் நிலையத்தை ஊர் தைரியமாக வரவேற்கலாம். பதில் சொல்லாத நிலையத்துக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்கக் கூடாது.