மண்டபத்தில் இரண்டு நாற்காலி, வீட்டில் எத்தனை?

பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்துவிட்டது. வீடே பூரித்துப் போயிருக்கிறது. ஆனால், மண்டபத்துக்குள் பொதுவாகப் பெற்றோர் இருவருக்குத்தான் இடம். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பால்வெட்டி இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிய பாட்டி எங்கே உட்காருவார்? சங்கிலியை அடகு வைத்துப் பரீட்சைக் கட்டணம் கொடுத்த அத்தை?

பினாங்கு மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை நம்மவர் பலர் அறிவார்கள். 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தோன்றி, 1971-இல் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமான மிண்டனுக்கு வந்தது. 1985-இல் பாலம் திறக்கும்வரை, செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து வந்த உறவினர்கள் பட்டர்வொர்த்தில் பெரி ஏறித்தான் தீவுக்கு வரவேண்டும். அப்படி வந்தும் மண்டபத்துக்குள் இடமில்லாதவர்கள் வெளியே மரத்தடியில்தான் காத்திருக்கவேண்டும். அவர்களுக்காகத்தான் வீட்டில் இன்னொரு விழா வேண்டும் என்கிறேன்.

உடனே ஹால் பிடிக்க ஓடாதீர்கள்! தேசிய உயர்கல்விக் கடனில் படித்த பிள்ளை என்றால், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது. அதன்மேல் விருந்துக்கும் ஒரு கடனா? 2020-இல் கொரோனா கட்டுப்பாட்டால் பட்டமளிப்பு விழாக்கள் தள்ளிப்போனபோது, வீட்டுக் கூடத்திலேயே மனநிறைவோடு கொண்டாடலாம் என்று பலரும் கண்டுகொண்டார்கள். கடைத்தெருவில் வாங்கிய ஒரு மாலை, பாயசம், வடை போதும்.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கறுப்பு அங்கி பெரும்பாலும் இரவல்தான். குறித்த நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே விழாவை அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். சாமி படத்துக்கு முன் விளக்கேற்றி, பிள்ளை பெரியவர்கள் காலில் விழுந்து எழட்டும். பிறகு அங்கியைக் கழற்றிப் பாட்டியின் தோளில் போட்டுப் படம் எடுங்கள். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று வெட்கப்படுவார். விடாதீர்கள்.

படம் எடுத்த கையோடு அவரைப் பேச விடுங்கள். பெரட்டு எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை மரம், மழை பெய்து வெட்டு நின்றுபோன நாளில் அடுப்பில் என்ன வெந்தது, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு எப்படிப் போனார்? பால்மரக் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பேரப்பிள்ளைகள் பலர் பால் மங்கைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேக் வெட்டும் படம் எல்லார் வீட்டிலும் இருக்கும், இது இருக்காது.

பக்கத்து வீடுகளில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் அழையுங்கள். பட்டச் சுருளை அவர்கள் கையில் கொடுங்கள். எந்தப் பாடத்தில் என்ன தேர்ச்சி தேவைப்பட்டது, விண்ணப்பம் எப்போது, கடனுதவிக்கு என்னென்ன தாள்கள் என்று பட்டதாரி உட்கார்ந்து சொல்லட்டும். அரை மணி நேரம் ஆனால் ஆகட்டும், பாயசம் ஆறிப்போகாது.

அவர்களைக் கூட்டிவரும் தாய்மார்களையும் உட்காரச் சொல்லுங்கள். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க இதே பல்கலைக்கழகம் 1971-லேயே தொலைக்கல்விக்கு வழி திறந்தது. அடுத்த அங்கி அவர்களில் ஒருவருக்காக இருந்தாலும் இருக்கும்!