மருத்துவச் சந்திப்பைத் தவறவிடல்

மருத்துவச் சந்திப்பைத் தவறவிடல் என்பது, மருத்துவரைக் காண நேரம் பதிவு செய்த நோயாளர் முன்னறிவிப்பு எதுவுமின்றி அந்நேரத்தில் வராமல் இருப்பதைக் குறிக்கும். முன்கூட்டியே தெரிவித்து இரத்து செய்வது இதில் சேராது. அந்த நேரத்தை வேறொரு நோயாளருக்கு வழங்கிவிட முடியும். இங்கிலாந்தின் தேசிய நலச் சேவையில் வெளிநோயாளர் சந்திப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் இவ்வாறு வீணாகின்றன.

விளைவுகள்

மருத்துவரின் நேரமும் ஊழியரின் உழைப்பும் பயனின்றிப் போகின்றன. வராதவருக்கு மீண்டும் நேரம் ஒதுக்குவதால் காத்திருப்போர் பட்டியல் மேலும் நீள்கிறது.

பெரிய இழப்பு நோயாளருக்கே. நோயைக் கண்டறிவது தாமதமாகிறது. மருந்தின் அளவைச் சரிபார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. ஸ்காட்லாந்தில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு, நீண்டகால மனநலப் பாதிப்பு உடையோரைத் தனியே நோக்கியது. அவர்களுள் ஆண்டுக்கு இரண்டுக்கு மேற்பட்ட சந்திப்புகளைத் தவறவிட்டோரின் இறப்பு அபாயம், எதையும் தவறவிடாதோரைவிட 8 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. வராமையே இறப்புக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. ஆயினும் அடிக்கடி வராமல் போகும் ஒருவர் ஆபத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு அது ஓர் அறிகுறியாகும்.

காரணங்கள்

மறதி முதன்மையான காரணங்களுள் ஒன்று. பதிவு செய்த நாளுக்கும் சந்திப்பு நாளுக்கும் இடைவெளி கூடக்கூட, வராமல் போவோரும் கூடுகின்றனர். கடிதம் பழைய முகவரிக்குச் செல்லுதல், விடுப்பு எடுத்தால் கூலி இழத்தல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை, பயணச் செலவு ஆகியனவும் காரணங்களாகின்றன. நோய் தணிந்துவிட்டது என்ற எண்ணத்தாலும், முடிவு என்னவாகுமோ என்ற அச்சத்தாலும் சிலர் வருவதில்லை. இரத்து செய்ய விரும்பியும் தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல் விட்டுவிடுவோரும் உண்டு.

தீர்வுகள்

நினைவூட்டல்: குறுஞ்செய்தி நினைவூட்டல் வருகையைக் கூட்டுகிறது என்றும், தொலைபேசி அழைப்புக்கு இணையான பலனைக் குறைந்த செலவில் தருகிறது என்றும் 2013-ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு காட்டியது. செய்தியின் சொற்களும் முக்கியமானவை. இலண்டனின் பார்ட்ஸ் ஹெல்த் மருத்துவமனைகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், வழக்கமான செய்தி பெற்றோரில் 11.1 விழுக்காட்டினர் வரவில்லை. வராவிட்டால் நலச் சேவைக்குச் சுமார் 160 பவுண்டு செலவாகும் என்ற செய்தி பெற்றோரில் அது 8.4 விழுக்காடாகக் குறைந்தது.

அபராதம்: டென்மார்க்கின் ஒரு மருத்துவமனையில் 250 குரோனர் அபராதம் சோதிக்கப்பட்டது; வராதோர் விகிதத்தில் மாற்றம் ஏற்படவில்லை. பிரித்தானியாவில் ரிஷி சுனக் 2022-இல் முன்வைத்த 10 பவுண்டு அபராதத் திட்டம் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. கூலி இழப்பாலும் பயணச் செலவாலும் வர முடியாதவரை அபராதம் மேலும் விலக்கிவிடும் என்பது இதன் மீதான முக்கிய எதிர்ப்பு.

கூடுதல் பதிவு: சிலர் வரமாட்டார்கள் என்று கணித்து அதிகமானோருக்கு நேரம் ஒதுக்குவது. மருத்துவரின் நேரம் வீணாகாது. ஆனால் அனைவரும் வந்துவிட்டால் கூட்டமும் காத்திருப்பும் மிகும்.

நோயாளரைத் தேடிச் செல்லல்: நோயாளருக்கு ஏற்ற நேரத்தைத் தேர்ந்தெடுக்க விடுவதும், தொலைபேசி வழி ஆலோசனையும், எளிதாக இரத்து செய்யும் வசதியும் பயணம், வேலை ஆகிய தடைகளைக் குறைக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கு மருந்துகள் வீட்டுக்கே கொண்டு தரப்படுகின்றன.

மறந்தவருக்கு ஒரு குறுஞ்செய்தி போதுமானது. வர இயலாதவருக்கு அது போதாது. அவர் ஏன் வரவில்லை என்று மருத்துவமனை விசாரித்து அறிவதே அவருக்கான சிகிச்சையின் முதற்படியாகும்.