கேட்டிலிருந்து குப்பத்துக்கு

இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது சென்னைக் கடற்கரையில். 1923-இல் உயர்நீதிமன்றத்துக்கு எதிரில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டம். நடத்திய சிங்காரவேலர் மீனவர் குலத்தில் பிறந்தவர். ஆனால் பிற்பாடு வடசென்னையில் வளர்ந்த தொழிற்சங்க இயக்கத்தில் மீனவருக்குக் கிடைத்தது, கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்கும் இடம்தான்.

அன்று எல்லாமே ஆலை கேட்டைச் சுற்றி நடந்தது. திருவொற்றியூரில் விம்கோ, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்.; எண்ணூரில் அசோக் லேலண்ட். ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து கேட் மீட்டிங். தொழிற்சங்கத் தலைவர்கள் வி.பி.சிந்தனோ குசேலரோ பேச வந்தால், வீட்டுக்குக் கிளம்பியவன் டிபன் கேரியர் தொங்கும் சைக்கிளை அப்படியே ஸ்டாண்டு போட்டுவிட்டு நிற்பான். போனஸ், பஞ்சப்படி, சஸ்பெண்ட் ஆனவனைத் திரும்ப எடுப்பது என்று பேச்சு நீளும். சந்தா கட்டியவன் தோழர். அதே புகையைச் சுவாசித்துக்கொண்டு மதிலுக்கு வெளியே வலை பின்னியவன் சங்கக் கணக்கில் வரவில்லை. அந்த இயக்கத்தின் பெரிய ஓட்டை அதுதான் என்பேன்.

இன்று விம்கோ நகர் ஒரு மெட்ரோ ஸ்டேஷன். என்ஃபீல்டின் புல்லட் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. மிச்சமிருக்கும் வேலையில் பெரும்பகுதி காண்ட்ராக்ட். கொடி பிடித்தால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்.

அணைந்ததாக நினைத்த அடுப்பு குப்பத்துப் பக்கம் பற்றிக்கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதைக் கழுவி முடிப்பதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவு, கோரமண்டல் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் மூக்கை முந்தானையால் பொத்தி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அப்புறம் அந்த ஆலைக்கு எதிரிலேயே உட்கார்ந்தார்கள். சுற்றியிருந்த 33 ஊர்கள் சேர்ந்து வாரக்கணக்கில் நடத்திய போராட்டம் அது. சங்கம் சந்தா ரசீதில் ஆள் திரட்டியது; இங்கே ஊர்ப் பஞ்சாயத்து சொன்னது, தெரு முழுக்க வந்தது. முன்வரிசையில் பெண்கள். அந்தக் காலத்து கேட் மீட்டிங்கில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வென்றார்களா? 2024 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் மூடிக் கிடந்த ஆலையை நிபந்தனைகளோடு திறக்க வழிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு எர்ணாவூரில் கருத்துக்கேட்பு. மறுபடியும் இதே ஜனங்கள் எதிர்த்துப் பேசினார்கள்.

சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. ஆலையை மூடு என்று அம்மா உட்கார்ந்திருக்க, மகன் ஏதோ ஓர் ஆலையில் தினக்கூலிக்குப் போகிறான். அது மூடினால் அவன் சம்பளத்துக்கு என்ன வழி என்று சங்கமும் போராடும் ஊர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசியாக வேண்டும்.