பனியைப் படிக்கும் பிள்ளைகள்

நோர்வேயின் வடகோடியில் துருவமான் மேய்த்து வாழும் சாமி ஆதிக்குடிகளைக் காலநிலை மாற்றம் வாட்டுகின்றது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. நடுக்குளிரில் மழை பெய்கின்றது. அந்நீர் உறைந்து மேய்ச்சல் நிலத்தை மூடுகின்றது. குளம்பால் கிளறியும் உணவெட்டாது மந்தைகள் பட்டினி கிடக்கின்றன.

இவ்வுறைபடலத்துக்குச் சாமி மொழியில் 'சுவொக்கி' என்று தனிச்சொல் உண்டு. பனியின் வெவ்வேறு நிலைகளுக்கும் இத்தகைய சொற்கள் பலவுள. சாமிப் பிள்ளைக்குக் காலநிலையைக் கற்பிக்க இவற்றினும் சிறந்த பாடநூல் எது? ஆயின் நோர்வேப் பள்ளிகள் நெடுங்காலம் இம்மொழியை ஒடுக்கின. 1989இல்தான் ஆசிரியரைப் பயிற்றும் சாமி உயர்கல்லூரி தோன்றியது. 1997இல் தனிப் பாடத்திட்டம் வந்தது.

மொழி அழியின் அதனுள் உறையும் அறிவும் அழியும். வார இறுதிகளில் தமிழ்ப் பள்ளி நடத்தும் நாம், வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்னும் காற்றின் பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோமா?