நனைந்த அலமாரியைக் காப்பாற்றலாம்: மரத் தளபாடங்களைச் சுத்தம் செய்யும் முறை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையால் நுவரெலியா மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. பல குடும்பங்கள் லயங்களை விட்டுப் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. வீடு திரும்பும்போது சேறு படிந்த கட்டிலையும், பூஞ்சணம் பிடித்த அலமாரியையும், இழுக்க முடியாத லாச்சியையும் பார்த்து மனம் சோர்வது இயல்பு. அவை சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. அவசரப்பட்டு எறிந்துவிட வேண்டாம். முழு மரத்தில் செய்த தளபாடங்களில் பெரும்பாலானவற்றைச் சமையலறையில் உள்ள பொருட்களைக் கொண்டே மீட்கலாம்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் கழுவுதல், அடுத்து காயவைத்தல், கடைசியில்தான் எண்ணெய். ஈரமான மரத்தில் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். பூஞ்சணம் மறுபடியும் வரும்.

தொடங்கும் முன்

சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு இருந்தால், மரங்கள் சாய்ந்திருந்தால், ஊற்று நீர் திடீரெனக் கலங்கி வந்தால் வீட்டுக்குள் போகாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

எதையும் கழுவவோ எறியவோ முன்னர், சேதமான ஒவ்வொரு பொருளையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் இழப்பைப் பதியும்போது அது உதவும்.

கழுவுதல்

தளபாடத்தை வெளியே அல்லது வராந்தாவுக்குக் கொண்டுவாருங்கள். முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அருகில் இருக்க வேண்டாம். பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் தட்டினால் அதன் தூள் காற்றில் பறந்து மூச்சில் போகும். ஆகவே ஈரத் துணியால் துடையுங்கள்.

ஒரு வாளி இளஞ்சூட்டு நீரில் சிறிதளவு சவர்க்காரத் தூளைக் கரைத்து, பிழிந்த துணியால் சேற்றைத் துடைத்தெடுங்கள். இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி போதும். பிறகு சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். மரத்தின் மீது வாளியோடு நீர் ஊற்ற வேண்டாம்.

பூஞ்சணக் கறை மிஞ்சினால் ஒரு கோப்பை வெள்ளை வினாகிரியில் ஒரு கோப்பை நீர் கலந்து துடையுங்கள். நிறம் மாறுகிறதா என்று முதலில் பின்பக்கத்தில் சிறிது தடவிப் பாருங்கள். வினாகிரியையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவை கலந்தால் நச்சு வாயு வெளிவரும்.

காயவைத்தல்

தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. பனியும் குளிரும் உள்ள இடத்தில் மரம் காய நாட்கள், சிலவேளை வாரங்கள் எடுக்கும். கொஞ்சம் வெயில் வந்ததும் அலமாரியை முற்றத்தில் நிறுத்தினாலோ அடுப்புக்கு அருகில் வைத்தாலோ, வேகமாகக் காய்ந்து பலகை வளையும், வெடிக்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், கதவைத் திறந்துவைத்துக் காயவிடுங்கள்.

ஊதிப்போன லாச்சியை முன்பக்கமாக இழுத்தால் கைப்பிடி கழன்றுவிடும். அலமாரியின் பின்பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து மெல்லத் தள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் காயும்வரை விட்டுவிடுங்கள். மரம் சுருங்கியதும் தானாக இளகும்.

வாடை போகாவிட்டால் ஒரு தட்டில் அப்பச்சோடாவையோ அடுப்புக்கரித் துண்டுகளையோ போட்டு அலமாரிக்குள் இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள்.

மெருகூட்டல்

நன்கு காய்ந்த பிறகு, நாம் கிள்ளும் தேயிலையே கைகொடுக்கும். கெட்டியான சாயத் தண்ணியை ஆறவிட்டு, துணியில் நனைத்து, நன்கு பிழிந்து துடையுங்கள். தேயிலைச் சாயம் கீறல்களின் நிறத்தைச் சற்று மங்கச் செய்யும். வெளிர் நிற மரத்தில் முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். சீனி போடக்கூடாது. போட்டால் எறும்பு வரும்.

கடைசியாகத் தேங்காய் எண்ணெய். நம் குளிருக்கு அது போத்தலிலேயே உறைந்திருக்கும். போத்தலைச் சுடுநீரில் சிறிது நேரம் வைத்தால் உருகும். ஓர் அலமாரிக் கதவுக்குச் சில துளிகள் போதும். தடவிய பின் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய எண்ணெய் தூசியைப் பிடிக்கும், நாளடைவில் சிக்கு வாடை வரும். பளபளப்புக்காகவோ கறையானுக்காகவோ மண்ணெண்ணெய் பூச வேண்டாம். விறகடுப்பு எரியும் லயத்தில் அது தீ ஆபத்து.

எவற்றை விட்டுவிட வேண்டும்?

மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போட் பலகை ஊதி உதிரத் தொடங்கினால் அதற்காகப் பணமும் உழைப்பும் செலவிட வேண்டாம். வெள்ள நீரில் மலசலகூடக் கழிவும் கலந்திருக்கக்கூடும். அதனால் அதில் மூழ்கிய மர அகப்பை, காய்கறி வெட்டும் பலகை ஆகியவற்றை மீண்டும் பாவிக்காதீர்கள். ஊறிய மெத்தையும் பஞ்சுத் தலையணையும் அவ்வாறே.

மீண்டும் வீட்டுக்குள் வைக்கும்போது சுவரிலிருந்து நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். கால்களுக்குக் கீழே செங்கல் துண்டு வையுங்கள். சுவரின் ஈரமும் தரையின் ஈரமும் மரத்தில் ஏறாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அலமாரிக் கதவைத் திறந்து காற்றுப் படவிடுங்கள்.