நீரிழிவும் நெடுமலைப் பயணமும்

பேரையூர்ப் பகுதியில் நின்று மேற்கே நோக்குவோரின் கண்ணுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட மதில்போல் தோன்றும். அம்மலைத் தொடரிலேதான் சதுரகிரி இருக்கிறது. ஆடி அமாவாசையன்று தாணிப்பாறை வழியாக அம்மலையேறிச் சுந்தர மகாலிங்கரை வழிபடுவோர் பல்லாயிரவர். அவர்களுள் இரத்தக் கொதிப்பு உடையோரும் உண்டு. இழுப்பு நோய் உடையோரும் உண்டு. நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும் உண்டு. அவ்வாறு ஏறி இறங்கிய இளைஞர் ஒருவர், “எனக்கு நீரிழிவு இருக்கிறது, நான் இமயமலைக்கும் போகலாமா?” என்று வினவினால் நாம் யாது கூறுவோம்? “நோயாளிக்கு மலை எதற்கு?” என்று தடுப்போரும் உளர், “மனவலிமை இருந்தால் போதும்” என்று தட்டிக்கொடுப்போரும் உளர். இரண்டும் ஆராய்ந்து கூறும் விடைகள் அல்ல.

முதலில் உயரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். காற்றில் உயிர்வளி ஏறக்குறைய 21 விழுக்காடு உள்ளது. மதுரையிலும் அதே விகிதந்தான்; இமயத்தின் உச்சியிலும் அதே விகிதந்தான். ஆனால், மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் உயிர்வளியும் குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் சுமார் மூன்றில் இரண்டு பங்கே. 5,500 மீட்டரில் பாதியே. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போகும்போதுதான் உயர நோய் பெரும்பாலும் தலைகாட்டும். ஆகவே சதுரகிரி ஏற்றம் நம் கால்களைச் சோதிக்குமேயன்றி, உயரத்தைத் தாங்கும் ஆற்றலைச் சோதிக்காது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலும் அத்தகையதே. சமவெளியில் ஓட்டப் பந்தய வீரராக விளங்குபவரும் லே நகரில் தலைவலியால் படுத்துவிடக்கூடும்.

இனி நீரிழிவு உடையவருக்கு நேரும் தனி இடர்களைப் பார்ப்போம். நெடுநேரம் நடக்கும்போது தசைகள் சர்க்கரையை மிகுதியாகச் செலவிடுகின்றன. நடந்து முடித்துப் பல மணி நேரம் சென்ற பின்னும், உறக்கத்திலுங்கூட, இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். தாழ்ந்தால் தலைவலி, தளர்ச்சி, குமட்டல், மனக் குழப்பம் தோன்றும். உயர நோயின் அறிகுறிகளும் ஏறக்குறைய இவையே! எனவே, மலையில் தலை வலித்தால் உடனே சர்க்கரையை அளந்து பார்த்தல் வேண்டும். ஊகித்துக்கொண்டிருத்தல் ஆகாது.

அளக்கும் கருவியோ கடுங்குளிரில் பிழையாகக் காட்டக்கூடும், இயங்காமலும் போகலாம். ஆகையால் அதை உடலோடு ஒட்டிய உட்சட்டையில் வைத்துக்கொள்ளுதல் நன்று. மாற்றுக் கருவி ஒன்றும் வேண்டும். இன்சுலினுக்கும் இவ்விதி பொருந்தும். நம் ஊர் வெயிலில் அது சூட்டினால் கெடாதபடி ஈர மண்பானையில் வைத்துக் காக்கிறோம். மலையிலோ அது உறைந்துபோகாதபடி காத்தல் வேண்டும். உறைந்த இன்சுலின் மீண்டும் உருகினாலும் அதன் ஆற்றலை நம்ப இயலாது. அதனை எறிந்துவிடல் வேண்டும். இரவில் அது உறக்கப்பைக்குள் நம்மோடு இருக்கட்டும். மருந்து முழுவதையும் ஒரே மூட்டையில் வைக்காமல், ஒரு பகுதியைத் துணைவரிடம் கொடுத்து வைப்பது அறிவுடைமை.

சர்க்கரை தாழும்போது எதை உண்பது? கடலை மிட்டாய் வழிநடைக்கு ஏற்ற உணவே. ஆனால், அதிலுள்ள எண்ணெய்ப் பசை சர்க்கரை விரைவில் இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். உடனடி உதவிக்குக் குளுக்கோஸ் தூளே சிறந்தது. அது குளிரில் உறைவதும் இல்லை. வாந்தியெடுத்து உணவு செல்லாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்திவிடலாகாது. அளவை எவ்வாறு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் புறப்படுமுன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏறும் முறைக்கும் ஒரு விதி உண்டு. 3,000 மீட்டரைக் கடந்தபின், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் உயர்த்தக்கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு நாள் மேலேறாமல் ஓய்ந்திருத்தல் வேண்டும். நடை தள்ளாடினாலோ, ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ, இரவென்றும் பாராமல் கீழே இறங்கிவிட வேண்டும். அங்கே காத்திருத்தல் உயிருக்கே இறுதியாகலாம்.

சிலருக்குப் “போகவேண்டாம்” என்பதே சரியான விடை. ஓய்விலும் நெஞ்சுவலி வருவோர், நுரையீரல் குழாய்களில் இரத்த அழுத்தம் மிக்கோர் ஆகியோருக்குப் பெரு உயரம் பகை. நீரிழிவால் கண்ணின் விழித்திரை பழுதுற்றவர்கள் கண் மருத்துவரின் இசைவைப் பெறாமல் புறப்படலாகாது.

அமர்நாத் குகை 3,888 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குச் செல்வோரும், கயிலாய யாத்திரை செல்வோரும் மருத்துவச் சோதனைக்கு உட்படுதல் கட்டாயம். சான்று கிடைக்காதோ என்று அஞ்சி நோயை மறைப்பவர்கள் உண்டு. நண்பர்கள் நகைப்பரோ என்று நாணி மறைக்கும் மாணவர்களும் உண்டு. மறைத்தவர் மயங்கி விழுந்தால் அவர் பையில் குளுக்கோஸ் இருப்பதை யார் அறிவார்? உடன் வருவோர் அனைவர்க்கும் நோயின் பெயரும், அதன் அறிகுறிகளும், செய்ய வேண்டிய உதவியும் தெரிந்திருத்தல் வேண்டும்.

1921ஆம் ஆண்டில் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவரும் இன்சுலினைக் கண்டறியுமுன், இந்நோய் கொண்ட சிறுவர்கள் நெடுநாள் வாழ்வதே அரிதாக இருந்தது. 2006ஆம் ஆண்டிலோ, இன்சுலினை நம்பி வாழும் கெரி விங்க்லர் என்னும் ஆஸ்திரியர் எவரெஸ்டு உச்சியை அடைந்தார். எண்பத்தைந்து ஆண்டுகளில் மருத்துவம் செய்த மாற்றம் இது. ஆயினும் அவர் ஏறிய வழி, பல்லாண்டுப் பயிற்சியும் ஓயாத அளவெடுப்பும் கொண்ட வழி.

ஆதலின், மாணவ நண்பர்களே, இமயம் செல்ல விரும்பும் நீரிழிவுடைய இளைஞர் ஆறு மாதங்களுக்கு முன்னரே மருத்துவரைக் காணட்டும்; வனத்துறை அனுமதிக்கும் நாளில் சதுரகிரி ஏறி, ஒவ்வொரு மணிக்கும் தம் சர்க்கரை எவ்வாறு மாறுகிறதென்று குறிப்பேட்டில் எழுதட்டும். அக்குறிப்பேடு, பாதி வழியில் எப்போது திரும்ப வேண்டும் என்பதையும் அவருக்குக் கற்பிக்கும்.