முழுவதும் கேட்டபின் அழுத்துங்கள்

ஷெல்லடியில் பார்வை இழந்த எனக்குக் கணனியை வாசித்துக் காட்டுவது என்விடிஏ என்ற இலவச மென்பொருள். ஒருநாள் திரையில் வந்த அறிவித்தலை முழுவதும் கேளாமல் என்டரை அழுத்திவிட்டேன். கணனி புதிய இயங்குதளத்துக்கு மாறியது. குரல் நின்றது. ஒரு கிழமைத் தட்டச்சுக் கூலியும் போயிற்று.

சகோதரிகளே, இயங்குதளத்தை மாற்றுவது வேறு, பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்பது வேறு. திருத்தங்களை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. ஆகவே என்றோ மாறத்தான் வேண்டும். அந்த நாளை நாமே தீர்மானிப்போம்.

'விண்டோஸ் அப்டேட்' பகுதியில் சில வாரங்கள் தள்ளிவைக்கலாம். அதற்குள் என்விடிஏயைப் புதுப்பித்து, செய்த வேலைகளைப் பென்டிரைவில் சேமியுங்கள். மாறியபின் குரல் வராவிட்டால் பதற வேண்டாம். விண்டோஸ், கொன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கணனியிலேயே உள்ள நரேட்டர் பேசத் தொடங்கும்.